அறுவை முடிந்தால் ஆபத்து நீங்கியதா?

ஆசிரியருக்கு,

தலையில் பலத்த அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், ‘இனிப் பயமில்லை’ என்று உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால், அவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பதைப் பின்னால் வரும் சிக்கல்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நினைவு முழுதாகத் திரும்பாதவருக்குப் படுத்த நிலையிலேயே பாசத்தோடு ஒரு வாய் தண்ணீர் புகட்டுவார்கள். விழுங்கும் திறன் குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். காய்ச்சலும் ஆக்சிஜன் குறைவும் ஏற்கெனவே அடிபட்ட மூளையை மேலும் வாட்டும். வலிப்பு, ரத்தத்தில் சோடியம் குறைவது, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப்புண் எல்லாம் இதோடு சேர்ந்தவை.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. நன்றாகப் பேசி நடக்கத் தொடங்கியவர் சில வாரங்களில் மந்தமாகி, நடை தடுமாறி, சிறுநீரை அடக்க முடியாமல் போனால், ‘அடிபட்ட தலை, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். மூளைக்குள் நீர் கோத்திருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் குழாய் வைத்து வடிக்க முடியும். மூளைக்கு அடியில் ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டாலும் தீராத சோர்வு வரும். அதற்கும் மருந்து உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகள் தரும் சீட்டில், மாத்திரைகளோடு இந்த அறிகுறிகளையும் புரியும் தமிழில் எழுதித் தரலாமே!

– வாசகர் ஒருவர்