பழைய ராணுவ ரைபிள் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டக் குடும்பங்களிலும் பழைய வீடுகளிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டில் ராணுவம் கழித்த ரைபிளைக் கடையில் வாங்கி வந்து துடைத்துச் சுடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இங்கும் அப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் துப்பாக்கியின் மரக்கட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்குகிறார்கள். கட்டையைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் படிக்க வேண்டியது குழலில் பொறித்திருக்கும் ‘போர்’ (bore) எண்ணை, அதாவது குழல் துளையின் அளவை.

303 போர், 7.62 மி.மீ. ஆகிய ரைபிள்களும், அந்தத் தோட்டா ஏறிச் சுடக்கூடிய மற்ற ரைபிள்களும் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகை. உலகப் போர்களில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு இதில் அடங்கும். பலரும் ஏமாறுவது 410 மஸ்கட்டில். லீ-என்ஃபீல்டு உடலில் வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல் பொருத்திக் காவலுக்குக் கொடுத்த துப்பாக்கி அது. ‘குழலில் ரைபிளிங் இல்லை, சாதாரணத் துப்பாக்கிதான்’ என்று சொல்லி விற்கப் பார்ப்பார்கள். 410 மஸ்கட் தோட்டா ஏறும் துப்பாக்கியும் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. இவற்றுக்குக் கலெக்டர் உரிமம் தர முடியாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தடை வகை ஆயுதம் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை.

அந்த அமைப்பின் மேல் ஆசை உள்ளவருக்குச் சட்டப்படி இருக்கும் வழி, மேற்கு வங்கம் இஷாப்பூர் தொழிற்சாலையின் 315 போர் ரைபிள். லீ-என்ஃபீல்டின் அதே போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னால் அடைக்கும் இரும்புத் தண்டு) அமைப்பு, தோட்டா வேறு. பழைய மௌசர் வகை வேட்டை ரைபிள்களும் 30-06 ரைபிள்களும் உரிமதாரர்களிடமிருந்து அவ்வப்போது கைமாறும். யாரிடம் வாங்கினாலும் அவருடைய உரிமப் புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளர் பெயர், போர், வரிசை எண் மூன்றும் இரும்பில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணை அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

அடுத்தது போல்ட். லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட் கைப்பிடியின் அடியில் ஓர் எண்ணும், உடலில் ஓர் எண்ணும் இருக்கும். இரண்டும் வேறானால், வேறு ரைபிளின் போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். அப்போது போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடியிருக்கலாம். சுடும்போது பித்தளைக் கூடு அந்த இடைவெளிக்கு நீளும். விளிம்புக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும்; அடுத்த கட்டத்தில் கூடு அங்கேயே அறுந்து, வாயு கண்ணை நோக்கிப் பின்னால் வரும். விற்பவரிடம் அந்த ரைபிளில் சுட்ட காலிக் கூடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வளையம் இருந்தால், ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அளவுக் கருவி வைத்து அளந்து சொல்லும் வரை ஒரு தோட்டாகூட ஏற்றக் கூடாது.

‘டி.பி.’ என்ற முத்திரை இருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கிய துப்பாக்கி. சுடத் தகுதியில்லை என்று ராணுவமே தள்ளியது. வெல்டிங் வைத்து அதற்கு உயிர் கொடுத்ததாகச் சொன்னால் விலகிவிடுங்கள்.

குழலைப் பார்க்க, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்து போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் பின்பக்க அறையிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். எண்ணெய் நிறைந்திருந்தால் துணி விட்டுத் துடைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். சொறியை எண்ணெய் மறைத்துவிடும். பழைய தோட்டாக்களின் கேப்பில் (அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் படிவது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு. அது எண்ணெயில் கரையாது, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் ஒரே இரவில் துரு தொடங்கிவிடும். அத்தகைய தோட்டாவைச் சுட்டவர் அன்றே அறைப் பக்கத்தில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி, துணியால் உலர்த்தி, பிறகு எண்ணெய் பூச வேண்டும். குழல் முழுக்க லேசாகக் கறுத்திருந்தாலும் ரைபிளிங் விளிம்பு கூர்மையாக இருந்தால் நன்றாகவே சுடும். உள்ளே பளபளத்தாலும் வாய்ப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் குறி சிதறும். துடைக்கும் கயிற்றைச் சாய்த்து இழுத்து இழுத்து வரும் தேய்மானம் அது. பழைய படைத் துப்பாக்கிகளில் மிகச் சாதாரணம்.

கட்டையில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய லீ-என்ஃபீல்டில் பின்கட்டையைக் கழற்ற நினைப்பவர் முன்கட்டையை முதலில் எடுத்துவிட வேண்டும். பின்கட்டையை உடலோடு இறுக்கும் நீண்ட திருகின் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டில் மாட்டியிருக்கும். எடுக்காமல் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். பிளந்து பசை வைத்த கட்டைகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

சேகரிக்க மட்டும் விரும்புவோருக்கு: பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. குழல் வாயில் ஈயம் உருக்கி ஊற்றினால் போதும் என்று நம்ப வேண்டாம். ஈயத்தை எடுத்துவிடலாம் என்றால் அது ஆயுதமே. நூறாண்டு தாண்டியது தொல்பொருளும்கூட. அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான மார்ட்டினி-ஹென்றி என்று சொல்லி வருவதில் போலிகள் உண்டு. கிரீட முத்திரை கோணலாக, எழுத்து தலைகீழாக இருந்தால் அது கைவேலை.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோ 1853 மாதிரி என்ஃபீல்டோ பரணில் கிடைத்தால், அது நிரப்பியிருப்பதாகவே கருதுங்கள். ஈரம் படாத கருமருந்து நூறாண்டானாலும் வெடிக்கும். மரக்குச்சியை அடி வரை விட்டு, வாய் மட்டத்தில் அடையாளம் வைத்து, வெளியே குழலோடு சேர்த்துப் பாருங்கள். அப்போதும் முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே கொண்டுபோகக் கூடாது. குச்சியின் முனை, மருந்துக்குத் தீ புகும் தீத்துளை வரை எட்டவில்லையென்றால் உள்ளே மருந்து இருக்கலாம். தோண்டாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

பரம்பரைத் துப்பாக்கியில் பெரும்பாலோர் சிக்குவது காகிதத்தில். உரிமதாரர் இறந்தால் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரத்தோடு ஒருவர் விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. வீட்டுக்குள் வழக்கு வராமலிருக்க இதுவே நல்லது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, வாரிசாக வந்தாலும் கணக்கு அதுதான்.

மலையோரத்தாருக்கு இன்னொன்று. குமரி வனவிலங்கு சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் புதிய உரிமம் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கத்தவர் முன்பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டறிய வேண்டும். ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களுக்கும் வனத்துறையிடம் பதிவு செய்யும் கடமை உண்டு.

வாங்கியதைக் காப்பது தனி வேலை. இரண்டு பருவமழையும் பெறும் ஊர் இது. தோல் உறையிலும் கான்வாஸ் பையிலும் வைத்தால் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாளாக ஆகப் பிசினாகும், மலைக் குளிரில் உறைந்து போல்ட்டை இறுக்கும். துப்பாக்கிக்கான கனிம எண்ணெயை மெல்லிதாகப் பூசி, சுவரைத் தொடாத இரும்புப் பெட்டியில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கட்டாயம் திறந்து பாருங்கள்.

தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். எண்ணெய் பூசிக் கொடுத்து, துப்பாக்கியின் நிலையை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒப்படைக்கும் அந்த நாட்களிலேயே காவல்துறை ஆர்மரர் ஒருவர் குழலையும் போல்ட்டையும் சோதித்து, சுடத் தகுதியானதா என்று எழுதிக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்