மாதிரித் தேர்வு மலைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் ஏற்காடு மலைக்கிராம அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் மருத்துவப் படிப்பில் நம்பிக்கை பிறந்துள்ளது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360 இருப்பதால், பாடநூலை வரிவரியாகப் படித்தே அதை ஓரளவு சமாளித்துவிடலாம். ஆனால், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில் எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்பது, விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் மூன்று மணி நேரம் எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும். அத்தகைய மாதிரித் தேர்வுக்காகச் சேலம் வரும் பிள்ளைகள், மலைக்குத் திரும்பும் பேருந்தைப் பிடிக்கப் பாதியிலேயே எழுந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே, விடுமுறை நாள்களில் ஏற்காட்டிலேயே மாதிரித் தேர்வுகளை நடத்தவும், கலந்தாய்வுக்குத் தேவையான சான்றிதழ்களை, குறிப்பாகக் கோட்டாட்சியர் வழங்கும் பழங்குடியினர் சாதிச் சான்றை, தேர்வு முடிவுக்கு முன்பே வழங்கவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு.