சேஃப்டி வால்வின் தள்ளுவிசையை வரைபடத்தில் எழுதுங்கள்

சர்க்கரை ஆலை, காகித ஆலைகளுக்கு பாய்லர் பைப்பிங் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் அதைக் கட்டித்தரும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

அழுத்தம் எல்லை மீறும்போது தானே திறந்து நீராவியை வெளியேற்றும் சேஃப்டி வால்வின் அளவு, அது திறக்கும் அழுத்தமான செட் பிரஷர் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. நீராவி சீறி வெளியேறும்போது குழாயைப் பின்னுக்குத் தள்ளும் விசை மட்டும் பெரும்பாலும் இல்லை. அதையும் எழுதுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கணக்கு சிறியதுதான்: நிறை ஓட்டம் × வேகம், அதனுடன் குழாய் வாயில் எஞ்சியிருக்கும் கேஜ் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ள பகுதி) × வாய்ப் பரப்பு. செட் பிரஷரை வாய்ப் பரப்பால் பெருக்குவது தவறு. வால்வைத் தாண்டியதும் அந்த அழுத்தம் இருக்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 பார் பூரித நீராவி (கொதிநிலை வெப்பத்திலேயே இருப்பது), வால்வின் பெயர்ப்பலகையில் மணிக்கு 32,400 கிலோ. பலகைத் திறன் 10 சதவீதம் குறைத்தே பொறிக்கப்படுவதால் 1.11ஆல் பெருக்க வேண்டும். நொடிக்கு 10 கிலோ. வெளியேறும் குழாய் 6 அங்குலம், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்), உள்விட்டம் 154 மி.மீ. வாயில் வேகம் ஒலிவேகத்தைத் தொட்டு நொடிக்கு சுமார் 475 மீட்டரில் நின்றுவிடும். அதற்குமேல் போக முடியாததால் மிச்சம் அழுத்தமாக நிற்கும், ஏறத்தாழ 0.95 பார் கேஜ். முதல் பகுதி 4,750 நியூட்டன், இரண்டாவது 1,760. மொத்தம் 6.5 கிலோநியூட்டன். அழுத்தப் பகுதியை விட்டுவிட்டால் கால்பங்குக்கும் மேல் காணாமல் போகும்.

வால்வு சட்டென்று திறப்பதால் இந்த விசை மெல்ல ஏறுவதில்லை, அறைவதுபோல் விழும். இந்தத் திடீர் அறையின் விளைவைத் தனியே பார்க்கும் அசைவியல் கணக்கு செய்யாதவர்கள் 2ஆல் பெருக்குங்கள்: 13 கிலோநியூட்டன். வால்வை அடுத்த எல்போவின் (வளைவுக் குழாயின்) மேல்நோக்கிய வாய் வால்வின் மையக்கோட்டிலிருந்து 0.6 மீட்டர் தள்ளியிருந்தால், ஹெடரில் (பிரதான நீராவிக் குழாயில்) வெல்டு செய்த, வால்வைத் தாங்கும் குட்டைக் குழாயான நாசிலுக்கு 7.8 கிலோநியூட்டன்-மீட்டர் வளைதிருப்புமை (வளைக்கும் விளைவு). வால்வு தாங்கினாலும் நாசில் தாங்குமா என்பதே கேள்வி. 1970இல் அமெரிக்காவின் ராபின்சன் அணுமின் நிலையத்தில், சோதனை ஓட்டத்தின்போது சேஃப்டி வால்வைத் தாங்கிய நாசிலே பிரதான நீராவிக் குழாயிலிருந்து முறிந்து போனது.

சப்போர்ட்டைக் கட்டட இரும்பிலிருந்து இறுக்கமாகக் கொடுக்காதீர்கள். ஹெடர் சூடேறி நகரும்போது சப்போர்ட்டே நாசிலை வளைக்கும். ஹெடரிலிருந்தே எடுங்கள். நீராவியை வெளியே கொண்டுபோகும் வென்ட் குழாயின் எடையை வால்வில் ஏற்றாமல் தனியாகத் தாங்குங்கள்.

தளத்தில் குழாய் வாயைச் சாய்த்து வெட்டுவதுண்டு. அங்கே அழுத்தம் எஞ்சியிருந்தால் விசை அச்சைவிட்டு விலகி, கணக்கில் இல்லாத பக்கத்துக்குத் தள்ளும். வெட்டுமுன் வடிவமைத்தவரைக் கேளுங்கள். எல்போவின் அடியில் உள்ள வடிகால் துளைக்கு பிளக் போடாதீர்கள்: தேங்கிய தண்ணீரை நீராவி அள்ளிக்கொண்டு போகும் அந்தக் கணத்தில் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது.