பேருந்துப் பயணிகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கோவை அவினாசி சாலையில் தினமும் பஸ் ஏறி இறங்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பஸ் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று நாமே பார்ப்போம் எனப் போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். பொங்கல் முடிந்த கையோடு ஒரு வாரம், காலை நேரத்தில், ஆளுக்கொரு நோட்டோடு காந்திபுரத்திலிருந்து சித்ரா நிறுத்தம் வரை டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். ஒரு நாள் ஹோப் காலேஜில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நிறுத்தத்தை மறித்து ஆட்டோவும் டூவீலரும் நின்றதால் வண்டி தள்ளிப் போய் நடுரோட்டில் நின்றது. எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். கீரைக்கூடையோடு வந்த ஒரு அம்மாவுக்கு முதல் படி முழங்கால் உயரம். உள்ளே இருந்தவர் கூடையை வாங்கிக்கொள்ள, கீழே நின்ற பெண் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அப்புறம் டிக்கெட். கட்டணம் மாறுகிற அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் கொடுத்து முடிக்க வேண்டுமே என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். கண்டக்டர் கூட்டத்துக்குள் நீந்திப் போய்ச் சில்லறை தேடினார்.

நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் இதே கதைதான். ஓடுகிற வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, நேரமெல்லாம் நிற்பதில் போகிறது. டிரைவரை வேகமாக ஓட்டச் சொன்னால் விபத்துதான் மிஞ்சும். நிற்கிற நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இதற்கு வழி கண்ட ஊர்கள் இருக்கின்றன. பிரேசிலில் குரிடிபா நகரம் 1974இலேயே பஸ்ஸுக்குத் தனிப்பாதை விட்டது. 1991இல் குழாய் போன்ற நிலையங்களைக் கட்டி, முதலிலேயே காசு வாங்கி, வண்டியின் தரை மட்டத்திலேயே ஏறும்படி செய்தது. அகமதாபாத் 2009இல் அதே முறையைச் சாலை நடுவில் கொண்டுவந்தது. டெல்லியில் 2008இல் போட்ட 5.8 கிலோமீட்டர் பாதையோ 2016இல் அகற்றப்பட்டது. பாதை மட்டும் போட்டால் போதாது, நிலையமும் டிக்கெட்டும் சேர்ந்து மாற வேண்டும் என்பது என் கருத்து.

நமக்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பு. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது. நேராகப் போகிற கார்கள் மேலே ஏறிவிட்டன. கீழே கிடைத்த இடத்தில் காலையும் மாலையும் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கே ஒதுக்குங்கள் என்பதுதான் நம் முதல் கோரிக்கை. பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கியவர் அவர். அந்தப் பாலத்தின் கீழே பஸ்ஸுக்கு வழி கேட்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. அது வரட்டும், நாமும் கேட்போம். ஆனால் நாளைக் காலை வேலைக்குப் போகிறவருக்குப் பஸ்தான் இருக்கிறது.

மனுவில் பஸ் நிறுத்தங்களில் மற்ற வண்டிகளை நிறுத்தத் தடை, தாழ்தளப் பேருந்து, நெரிசல் நேரத்தில் நிறுத்தத்திலேயே டிக்கெட் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. மறுபடி போவோம்.

அடுத்தது சைக்கிள். பஸ் இறங்கி டைடல் பார்க் பக்கம் போகிறவர்களும் உள் வீதிகளில் குடியிருப்பவர்களும் மிச்ச தூரத்துக்கு ஆட்டோ காசு பார்த்துத்தான் பஸ்ஸையே விட்டுவிடுகிறார்கள். நம் ஊருக்கு 2018இல் செயலி வைத்துத் திறக்கும் மஞ்சள் சைக்கிள்கள் வந்தன. அந்த ஆண்டே போய்விட்டன. எங்கும் விடலாம் என்று வைத்ததால் தேவைப்பட்ட இடத்தில் வண்டி இருந்ததில்லை. மைசூருவில் 2017இல் தொடங்கிய டிரின் டிரின் திட்டத்தில் எடுக்கவும் விடவும் நிலையங்கள் உண்டு. எனக்கு அந்த முறைதான் சரியென்று படுகிறது.

உறுப்பினர்கள் தந்த ஐந்து பழைய சைக்கிள்களைப் பழுது பார்த்து, நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வைத்தோம். நோட்டில் பெயர் எழுதிச் சாவி வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரம் பெண்கள் யாருமே எடுக்கவில்லை. கேட்டதற்கு, "நடுவில் பார் இருக்கிற வண்டியில் சேலையோடு எப்படிங்க ஏறுவது?" என்றார் ஒருவர். சரிதானே, யோசிக்காமல் விட்டுவிட்டோம். இரண்டை லேடீஸ் சைக்கிளாக மாற்றி, சங்கிலிக்கு மேல் மூடி போட்டு, முன்னால் கூடையும் கட்டினோம். இப்போது காலை எட்டரைக்குப் போனால் அந்த இரண்டும் கடையில் இருப்பதில்லை. அப்பா காலத்தில் மில் சங்கு ஊதியதும் இந்த ரோடே சைக்கிளாகத்தான் இருக்கும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்னும் மூன்று லேடீஸ் சைக்கிள் வேண்டும். வீட்டில் சும்மா நிற்பது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர்