மெல்டன் மோப்ரே போகிற தம்பிக்கு

அன்புள்ள கார்த்திக்,

லெஸ்டரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும்படி, சாப்பாட்டுக்குப் பேர்போன பழைய சந்தை ஊர் ஒன்று கேட்டிருந்தாய். மெல்டன் மோப்ரேக்குப் போ. செவ்வாய்க்கிழமை பார்த்துப் போ. அன்றுதான் ஊர் நடுவே தெருச் சந்தையும், ஸ்கால்ஃபர்டு சாலையில் கால்நடைச் சந்தையும் சேர்ந்து கூடும். 1086-இல் இங்கிலாந்து அரசர் எடுத்த 'டோம்ஸ்டே' என்ற நிலக் கணக்கெடுப்பிலேயே இந்த ஊர்ச் சந்தை பதிவாகியிருக்கிறது.

ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வண்டிகள் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள். நிலையத்திலிருந்து பர்ட்டன் தெரு வழியாக ஆற்றைத் தாண்டினால் புனித மேரி தேவாலயம், பக்கத்திலேயே 'ஆன் ஆஃப் கிளீவ்ஸ்' என்ற பப். அரசர் எட்டாம் ஹென்றி விவாகரத்தின்போது தன் நான்காம் மனைவி ஆனுக்குக் கொடுத்த வீடு என்பார்கள். கால்நடை ஏலத்தைக் காலையிலேயே பார்த்துவிடு. சாணியைப் பற்றிக் கவலைப்படாத செருப்போ ஷூவோ போட்டுக்கொள்.

இனி சாப்பாடு. இந்த ஊரின் பெயர் பன்றி இறைச்சி 'பை'யால்தான் (pie, மாவு ஓட்டுக்குள் இறைச்சியை அடைத்துச் சுடும் பண்டம்) உலகுக்குத் தெரியும். இதற்கு அடிப்படை பக்கத்து ஊர்களின் ஸ்டில்டன் என்ற நீலப் பூஞ்சைச் சீஸ். சீஸுக்குப் பால் திரித்தபின் மிஞ்சும் தண்ணீரைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள். கொழுத்த பன்றி பையானது. நரி வேட்டைக்கு வந்தவர்கள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குதிரை ஏறினார்கள்.

நாட்டிங்ஹாம் தெருவில் டிக்கின்சன் அண்ட் மாரிஸ் கடை 1851 முதல் பை சுடுகிறது. எங்கே வாங்கினாலும் இரண்டு அடையாளம் பார். பக்கங்கள் நேராக நிற்காமல் தொப்பை போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அச்சு வளையம் இல்லாமல் தனியாக நிறுத்திச் சுடுகிறார்கள். வெட்டினால் இறைச்சி சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் அது பதப்படுத்திய இறைச்சி. வேறு ஊர் வழக்கம். 2009 முதல் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு.

மேலோட்டுக்குப் பன்றிக் கொழுப்பைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து மாவில் ஊற்றிப் பிசைவார்கள். அந்த மாவு சூடாக இருக்கும்போது குழைந்து சரியும், ஆறினால் விறைத்து நிற்கும். அதனால் மரக்கட்டையைச் சுற்றி மாவை எழுப்பி, ஆறவிட்டுத்தான் இறைச்சியை அடைப்பார்கள். வெந்ததும் இறைச்சி சுருங்கி உள்ளே இடைவெளி விழும். மூடியிலுள்ள ஓட்டை வழியாக எலும்புச் சாற்றை ஊற்றினால் அது உறைந்து காற்றை அடைத்துவிடும். ஓட்டில் விரிசல் இருந்தால் சாறு அத்தனையும் ஒழுகிப்போகும். சூடாக்கித் தரச் சொல்லாதே, உறைந்தது உருகி ஓடு நொசநொசத்துவிடும். குளிர்ந்தபடியே கொஞ்சம் கடுகு விழுதோடு சாப்பிடு.

ஸ்டில்டனை டெர்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்ஹாம்ஷர் என்ற மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டில்டன் என்ற ஊர் கேம்பிரிட்ஜ்ஷரில் இருக்கிறது; அங்கே செய்தால் அந்தப் பெயர் வைக்க முடியாது. ஏறக்குறைய 8 கிலோ சீஸுக்கு 75 லிட்டருக்கும் மேல் பால் வேண்டும். அழுத்தாமல் விட்ட உருளையை வாரங்கள் கழித்து எஃகு ஊசிகளால் குத்துவார்கள். அந்தத் துளைவழி காற்றுப் போனால்தான் நீலப் பூஞ்சை நரம்போடும். வெட்டும் முன் ருசி பார்க்கக் கேள். உப்புக் கரித்தால் வேறு உருளையிலிருந்து வாங்கு.

சைவ நண்பர் கூட வந்தால் கவனம். பையின் ஓடே பன்றிக் கொழுப்பு என்பதால், காய்கறிப் பை என்று எழுதியிருந்தாலும் ஓட்டில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்கச் சொல். சீஸிலும் அப்படித்தான்: சில ஸ்டில்டன்களில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்ப்பார்கள், சிலவற்றில் சைவ ரென்னெட். 'மெல்டன் ஹன்ட் கேக்' என்ற இந்த ஊர்ப் பழக் கேக்கில் ரம் இருக்கும்.

வாங்கிய சீஸைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றாதே, வேர்த்துக் கசந்துவிடும். மெழுகுத்தாளில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் போட்டுக்கொண்டு ரயில் ஏறு. வீட்டில் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவை.

அன்புடன்,
அண்ணன்