பத்து மாதக் குடித்தனம்

நூரம்பெர்க்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் கடைசியில் குக்கர் விசில்தான் ஜெயித்தது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. பையன் காலேஜ் முடித்ததும் வெளிநாட்டு கிளப்பில் பாஸ்கெட்பால் ஆடப்போகிறேன் என்கிறான். ஏஜென்ட் என்று ஒருவன் இன்ஸ்டாகிராமில் பேசுகிறான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பேங்க் வேலைக்கு வழி இருக்கும்போது இது எதற்கு என்று நீ குதிக்கிறாய். தங்கச்சி இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. சரிதானே?

எனக்கு உடனே அமெரிக்க ஆட்டக்காரன் பி.ஜே. டக்கர் ஞாபகம்தான் வந்தது. நான் இங்கே வந்த புதிதில், 2012-ல், ஆபீஸ் நண்பன் ஒருவன் பாம்பெர்க்குக்கு மேட்ச் பார்க்கக் கூட்டிப்போனான். வடக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். புகை வாசனை அடிக்கும் பீருக்குப் பெயர்போன பழைய சின்ன ஊர். ஆனால் பாஸ்கெட்பால் என்றால் ஊரே பைத்தியம். தங்கள் ஊரை அவர்களே ‘ஃப்ரீக் சிட்டி’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அந்த டீமில்தான் டக்கர் இருந்தான். உயரம் ஆறடி ஐந்து. நம் ஊரில் அண்ணாந்து பார்ப்போம். வளையத்துக்குக் கீழே ஆடுகிறவனுக்கு அங்கே அது குட்டை. ஆனால் இடுப்பைத் தாழ்த்தி ஒருத்தனை முதுகால் அடைத்து நின்றான் என்றால் பந்து அவனைத் தாண்டிப் போகாது. நம் பி.டி. மாஸ்டர் பார்த்திருந்தால் விசிலைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டியிருப்பார்.

அவன் கதை தெரியுமா? அமெரிக்காவின் பெரிய லீக் என்பிஏ. அதில் புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2006 டிராஃப்டில் டொராண்டோ டீம் அவனை 35-வது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் பெஞ்ச், சின்ன லீக், முடிவதற்குள் வெளியே. 21 வயது. இஸ்ரேலில் ஹோலோன் என்ற ஊருக்குப் போனான். அங்கே மக்காபி டெல் அவிவ் தொடர்ந்து 14 வருஷம் சாம்பியன். 2008-ல் ஹோலோன் அவர்களை இறுதிப் போட்டியில் ஒரே ஒரு பாயிண்டில் கவிழ்த்தது. அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரன் டக்கர்தான். சரி, இனி அமெரிக்கா கூப்பிடும் என்றுதானே நினைப்போம்? கூப்பிடவில்லை. உக்ரைனில் டொனெட்ஸ்க், கிரீஸ், இத்தாலி என்று சுற்றினான். கடைசியில் பாம்பெர்க்: லீக், கோப்பை இரண்டும் ஜெயித்தார்கள், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரன் மறுபடி அவனே. அதற்குப் பிறகுதான் என்பிஏவில் பீனிக்ஸ் டீம் எடுத்தது. வயது 27.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். ஐரோப்பாவில் அவன்தான் மாப்பிள்ளை, பந்து அவன் கைக்குத்தான் வரும். பீனிக்ஸில் பந்தி பரிமாறும் வேலை. எதிராளிகளில் பெரிய ஸ்கோரரை மறிக்க வேண்டும். மீதி நேரம் மூலையில் நின்று, எப்போதாவது வரும் பந்தை மூன்று பாயிண்டுக்குப் போட வேண்டும். ரோஷப்படாமல் அதைச் செய்தான். பிறகு ஹூஸ்டன் டீமில் அந்த ஆறடி ஐந்தை வைத்துக்கொண்டு, டீமிலேயே உயரமானவன் நிற்கிற சென்டர் இடத்திலேயே ஆடினான். 2021-ல் மில்வாக்கி டீமோடு என்பிஏ சாம்பியன், 36 வயதில். தோற்கடித்தது யாரை என்று நினைக்கிறாய்? அதே பீனிக்ஸை!

இந்தக் கதையை மட்டும் பையனிடம் சொல்லிவிடாதே. டக்கர் மாதிரி என்பிஏவுக்குத் திரும்பிப் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்.

போன வருஷம் எங்கள் பில்டிங்கில் கீழ்வீட்டை ஒரு கிளப் வாடகைக்கு எடுத்திருந்தது. கீழ் டிவிஷன் டீம், பெயர் வேண்டாம். அமெரிக்கப் பையன் ஒருவன் வந்தான், 31 வயது, இது எட்டாவது டீம். ஆகஸ்டில் வந்தால் மே வரை ஒப்பந்தம். வீடும் காரும் கிளப்புடையது. கார் என்றால் ஸ்பான்சர் பெயரை எல்லாப் பக்கமும் ஒட்டிய குட்டிக் கார், அதற்குள் அவன் மடங்கி உட்காருவதைப் பார்க்க நம் டிவிஎஸ் 50 மாஸ்டர் ஞாபகம் வரும். ஒருநாள் ரேடியோ-டிவி கட்டண நோட்டீஸைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டான். அது அவனுக்கு முன்னால் அங்கே இருந்த ஆட்டக்காரன் பெயருக்கு வந்தது. வீட்டில் எல்லாமே அப்படித்தான்: யாரோ விட்டுப்போன மிளகுத்தூள், ஜோடி சேராத பெரிய செருப்பு ஒன்று, இரண்டே ஸ்பூன். கட்டில் நீளம் போதாமல் கால்மாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தலையணை. அந்த ஸ்டூலும் முன்னால் இருந்தவன் போட்டதுதானாம்.

ஜனவரியிலிருந்து சம்பளம் வரவில்லை. ‘அடுத்த வாரம்’ என்றே மேனேஜர் ஓட்டினார். அவன் ஒப்பந்தத்தில் பிஏடி ஷரத்தே இல்லை. பிஏடி என்பது உலக பாஸ்கெட்பால் சங்கமான ஃபிபா 2007-ல் தொடங்கிய நடுவர் மன்றம். தீர்ப்பு வந்தும் பணம் தராத கிளப் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த ஒரு பத்தி எழுதியிருந்தால்தான் அங்கே போக முடியும். உன் பையனுக்கு வரும் பேப்பரில் முதலில் அதைத் தேடு. முன்பணம் கேட்கிற ஏஜென்டாக இருந்தால் அன்றைக்கே பிளாக் பண்ணச் சொல். உருப்படியான ஏஜென்ட் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கமிஷன் வாங்குவான்.

இதைவிடக் கசப்பான விஷயம் பாஸ்போர்ட். இங்கே மேல் டிவிஷனில் 12 பேர் பட்டியலில் 6 பேராவது ஜெர்மன்காரர்கள் இருக்க வேண்டும். மிச்ச இடத்துக்கு அமெரிக்காவிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் வருகிறவர்களோடு நம் பையன் முட்ட வேண்டும். நம் நாட்டு சத்னம் சிங் 2015-ல் என்பிஏ டிராஃப்டில் 52-வதாக வந்தானே, ஏழடிக்கு மேல் உயரம். அவனே என்பிஏவில் ஒரு மேட்ச்கூட ஆடாமல் இப்போது மல்யுத்தத்தில் இருக்கிறான்.

அதற்காகப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாப்ளே. பெரியகுளம் போட்டிக்கு நம்மைக் கெஸ்ட் பிளேயராகக் கூப்பிட்டபோது பஸ் காசும் பிரியாணியும்தான் பேச்சு. பஸ் காசை விழுங்கிவிட்டார்கள். அடுத்த மே மாதம் மறுபடி போனோமா இல்லையா? உனக்கு அப்புறம் பேங்க் வந்தது, எனக்குக் கம்ப்யூட்டர்.

கீழ்வீட்டுக்காரன் மே மாதம் காலி செய்தான். பணம் பாதிதான் வந்ததாம். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்து வருகிறவனுக்குத் தேவைப்படும், அந்த ஸ்டூலை மட்டும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள் என்றான். ஒன்பதாவது டீம் எந்த நாடு என்று கேட்டேன், இன்னும் போன் வரவில்லை என்றான்.

பையனின் முழு மேட்ச் வீடியோ ஒன்றை அனுப்பு. டங்க் மட்டும் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டது வேண்டாம். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது இன்னும் சத்தம் வருகிறதா? தங்கச்சியிடம் போன வாரம் கேட்ட பருப்புப்பொடி செய்முறையை ஞாபகப்படுத்து.

உன் பழைய பாயிண்ட் கார்டு