வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மாணவர்களுக்கான நிலா பார்க்கும் நிகழ்ச்சியும் தொலைநோக்கிப் பராமரிப்பு முகாமும் நல்லபடியாக முடிந்தன.

கேலக்ஸிக் குழுக்களின் பிரகாசத்தை அளக்கும் திட்டம்தான் இந்த ஆண்டின் பெரிய வேலை. "நிலாவும் சனியும் போதாதா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். எம்81, எம்82 என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கேலக்ஸிகள் இரண்டையும் குறைந்த உருப்பெருக்கத்தில் சேர்த்துப் பாருங்கள். எம்81 பெரியது, ஆனால் பஞ்சுத் திட்டு போலப் பரவி ஓரங்களில் மங்கிவிடும். எம்82 ஒல்லியான கீற்று. பளிச்சென்று, குறுக்கே ஒரு கறுப்பு வெட்டோடு தெரியும். எம்81-இன் ஈர்ப்பு எம்82-இன் வாயுவைக் கலக்கி மையத்துக்குத் தள்ளியதால் அங்கே நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கின்றன. நெருக்கம் தரும் இந்த வெளிச்சம் நிலைக்காது. வாயு தீர்ந்தாலோ வெளியே இழுத்துக்கொள்ளப்பட்டாலோ புது நட்சத்திரம் இல்லை. கேலக்ஸி நீல நிறம் போய்ச் சிவந்து மங்கும். வானியலாளர் ஹிக்சன் 1982-இல் பட்டியலிட்ட 100 நெருக்கக் குழுக்களில் பலவற்றில் ஹைட்ரஜன் வாயு இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவு. கடைசியில் பெரியது மற்றவற்றை விழுங்கும். அப்படி விழுங்கி முடிந்த 'புதைபடிவக் குழு' என்பவற்றில் பிரகாசத்தில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் குறைந்தது 2 மேக்னிட்யூட் (பிரகாசத்தை அளக்கும் அலகு) இடைவெளி, அதாவது 6 மடங்குக்கு மேல்.

நாம் எடுத்துக்கொண்டது ஐந்து கேலக்ஸிகள் ஒன்றாகத் தெரியும் ஸ்டீபன் ஐவர் குழு. அதில் என்ஜிசி 7320 என்ற கேலக்ஸி குழுவைச் சேர்ந்ததே அல்ல. மற்ற நான்கும் சுமார் 29 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்க, இது 4 கோடியில் முன்னால் நிற்கிறது. அதைக் கழிக்காமல் பிரகாசத்தை ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும்.

படம் எடுக்கும் முறைப்பட்டியலில் பலர் பெயர் கொடுத்தார்கள். வானம் தெளிந்த இரவுகளில் வந்தவர்கள் அதே இரண்டு மூன்று பேர்தான். வராதவர்கள் ஒரு போன் செய்திருந்தால் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்போம். நல்ல இரவுகள் அப்படியே வீணாகப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. சந்தாவும் அதே கதைதான்; பாதிப் பேருக்கு மேல் பாக்கி.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. இடம் தந்து உதவியவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நீல, சிவப்பு வடிகட்டிகள் இல்லாமல் இந்த அளவீடு நகராது. அவை வாங்கச் சந்தாவை விட்டால் வேறு வழியில்லை. வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். திட்டத்தை மட்டும் நடுவில் விட்டுவிட வேண்டாம். புதிய முறைப்பட்டியல் பொருளாளரின் மேசையில், ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

செயலாளர்